இந்த வயதில் வாதம் வராது

அன்று வெள்ளிக்கிழமை காலை. நெல்லியடியில், வீடு கட்டுபவர்களுக்குப் படம் கீறிக் கொடுக்கும் ஒரு சின்னக் கந்தோரில் நான் வேலை செய்கிறேன். கரவெட்டியில் கட்டப்போகும் ஒரு மாடி வீட்டின் படம் என் கணினியில் திறந்திருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் கனடாவிலிருந்து தொலைபேசியில் நின்றார். படிக்கட்டை எங்கே வைப்பது என்று அவருக்கும் அவர் மனைவிக்கும் இன்னும் ஒரு முடிவில்லை.

"தங்கச்சி, படி ஏறினவுடனை முதல் என்ன வரும்?" என்று கேட்டார்.

கதவு என்று சொல்ல வாயைத் திறந்தேன். கதிரை என்று வந்தது. திரும்பச் சொன்னேன். திரும்பவும் கதிரை.

"படிக்கு மேலை ஏன் கதிரை, ஆர் இருக்கிறது?" அவர் சிரித்தார்.

மவுஸில் இருந்த என் வலது கை மேசை விளிம்பால் வழுகி மடியில் விழுந்தது. யாரோ கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி அது கிடந்தது. நோவு இல்லை. தலையிடியும் இல்லை. நோவு இருந்திருந்தால் ஒருவேளை யாராவது நம்பியிருப்பார்கள்.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பிரஷர் இல்லை, சீனி வருத்தம் இல்லை. அதற்கு முந்தைய கிழமை ஒரு நாள் இடது கண் திரை விழுந்ததுபோல் இருண்டு, கொஞ்ச நேரத்தில் தானாகவே தெளிந்தது. கணவரிடம் சொன்னேன். "நாள் முழுக்கக் கொம்பியூட்டரைப் பாத்தால் உப்பிடித்தான், ஒரு கண்ணாடி எடுப்பம்" என்றார். அத்துடன் அந்தக் கதை முடிந்தது.

என் முதலாளி ஐம்பது வயது தாண்டியவர். மரியாதையான மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் கதிரையில் சரிந்து கிடப்பதைக் கண்டு ஓடிவந்தார். "விரதமெல்லோ பிள்ளை, வெறும் வயித்திலை இருந்தால் களைக்கும்தானே" என்று சொல்லிச் சோடா வாங்குவித்தார். குடித்தேன். குடித்ததில் பாதி, வாயின் வலது பக்கத்தால் வழிந்து சட்டையை நனைத்தது. ஒரு பெண்ணின் சட்டை நனைந்துவிட்டதே என்று அவர் மரியாதையாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டிய நேரத்தில் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். அந்த மரியாதையை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கணவர் அன்று மருதனார்மடம் சந்தைக்கு மரக்கறி ஏற்றப் போயிருந்தார். சந்தைச் சத்தத்தில் தொலைபேசி கேட்கவில்லை. அதனால் வீட்டிலிருந்து அவருடைய தாய், என் மாமிதான் ஓட்டோ பிடித்து வந்தார். வந்ததும் என் நெற்றியில் திருநீறு பூசினார். பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

"வாயை ஏன் பிள்ளை உப்பிடிக் கோணுறாய்?"

முதலாளி அப்போதுதான் திரும்பினார். பார்த்தார். "பாரிசவாதம் ஏதுமோ?" என்று மெதுவாகக் கேட்டார். கேட்டுவிட்டு, தானே பதிலும் சொன்னார். "சீ, இந்த வயசிலை உது வராது."

"ஓம், இந்த வயசிலை எங்கை" என்றார் மாமி.

சரியான சொல் அந்த அறைக்குள் வந்துவிட்டது. ஒருவர் வாயிலிருந்து வெளியே வந்து எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு என்னை வண்டியில் ஏற்றியிருந்தால் போதும். வயதைச் சொல்லி அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு எல்லாம் கேட்டது, எல்லாம் விளங்கியது. 'ஓம், அதுதான்' என்று சொல்ல முயன்றேன். வாயிலிருந்து வந்தது எந்தப் பாசையும் இல்லை.

சந்திக்குக் கிட்ட இருந்த ஒரு தனியார் மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். என் பெயரை எவ்வளவு பெரிதாகக் கேட்டாலும் நான் பதில் சொல்லவில்லை என்பதால் அவர் மாமியிடம் கதைத்தார். பிரஷர் பார்த்தார். விரலில் குத்திச் சீனி பார்த்தார். இரண்டும் சரி.

"வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?"

"ரெண்டு பிள்ளை தங்கேல்லை டொக்டர். அதை நினைச்சு நினைச்சுத்தான் இப்பிடி."

அவருக்கு அது போதுமாக இருந்தது. "அதுதானே பாத்தன். மனசிலை இருக்கிறது உடம்பிலை காட்டுது. ஒரு சேலைன் ஏத்துவம். நல்லாய் நித்திரை கொள்ளட்டும்." பிறகு செவிடிக்குச் சொல்வதுபோல் என் முகத்துக்கு நேரே குனிந்து, "கவலைப்படாதேங்கோ அம்மா, கடவுள் தருவார்" என்றார்.

இரண்டு கையையும் தூக்குங்கோ என்று அவர் சொல்லவில்லை. சிரியுங்கோ என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் சோதனை, அதற்கு ஒரு மெசினும் தேவையில்லை என்று எனக்குப் பிறகுதான் தெரியும். பிள்ளை இல்லாத பெண் என்று தெரிந்தவுடன் அவர் என் உடம்பைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். இனி எனக்கு எந்த வருத்தம் வந்தாலும் அதற்குக் காரணம் ஏற்கெனவே எழுதி வைத்தாயிற்று.

அந்தக் கட்டிலில் நான் மத்தியானம் தாண்டும்வரை கிடந்தேன். மேலே ஓடிய மின்விசிறியையும் சொட்டுச் சொட்டாக இறங்கிய தண்ணீரையும் பார்த்துக்கொண்டு, ஒரு சொல்லைத் தேடிக்கொண்டு கிடந்தேன். மாமி பக்கத்துக் கட்டில்காரியிடம் எங்கள் வீட்டுக் கதையை முழுதாகச் சொல்லி முடித்தார். முதலாவது மூன்றாம் மாதத்தில் போனது. இரண்டாவது ஆறாம் மாதத்தில், துடிப்பு நின்று, ஆண் பிள்ளை. பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தது கூடாது என்று தான் அப்போதே சொன்னதாகச் சொன்னார். கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்ததும் கூடாதாம். நாகதம்பிரானுக்குப் பால் வைத்தும் தோஷம் போகவில்லையாம். அந்தப் பெண் அனுதாபத்துடன் என்னைப் பார்த்தாள். எனக்குள் எழுந்த கோபம் உடம்பில் பாதியைத்தான் அசைத்தது. மற்றப் பாதிக்கு அது போய்ச் சேரவில்லை.

கணவர் வந்தபோது அவரில் வெங்காயத் தாளும் வியர்வையும் மணத்தன. மாமி நடந்ததைச் சொன்னார். அவர் தலையாட்டினார். "டொக்டர் சொன்னால் சரிதானே. கொஞ்சம் படுத்திருக்கட்டும்."

அந்த ஒரு வசனம் என்னைக் கிளப்பியது. இடது கையால் சேலைன் குழாயைப் பிடித்து இழுத்தேன். ஊசி கழன்றது. விரிப்பிலும் அவர் சேட்டிலும் இரத்தம் தெறித்தது. மாமி கத்தினார். தாதி ஓடிவந்தாள். கணவர் என் இரண்டு தோளையும் பிடித்து, அன்று முதல்தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"சிரியும் பாப்பம்" என்றார்.

எங்கேயோ, யாரோ அனுப்பிய வீடியோ ஒன்றில் அவர் பார்த்திருக்கிறார். நான் சிரித்தேன். பாதி முகம் சிரித்திருக்க வேண்டும். அவர் நிறம் மாறியது. யாரிடமும் ஒன்றும் கேட்காமல் என்னைத் தூக்கிக்கொண்டுபோய், மரக்கறிக் கூடைகளை ஒரு பக்கம் தள்ளி தன் வான் வண்டிக்குள் படுக்கவைத்தார். மாமியும் ஏறிக்கொண்டார். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிவரை கோவாவும் கரட்டும் என் காலடியில் உருண்டன.

அங்கே எங்களை யாரும் காக்க வைக்கவில்லை. தள்ளுகட்டிலில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஓடும்போதே ஒரு இளம் மருத்துவர் கணவரிடம் கேட்டார். "கடைசியாய் எப்ப நல்லாய் இருந்தவ?"

கணவர் மாமியைப் பார்த்தார். "காலமை கந்தோருக்குப் போகேக்கை" என்றார் மாமி, நிலத்தைப் பார்த்தபடி.

ஸ்கான் எடுத்தபிறகு அந்த மருத்துவர் திரும்ப வந்தார். "மூளைக்குப் போற ஒரு ரத்தக் குழாய் அடைச்சிருக்கு. அந்தக் கட்டியைக் கரைக்க ஒரு ஊசி இருக்கு. நாலரை மணித்தியாலத்துக்குள்ளை போடவேணும். அதுக்குப் பேந்து போட்டால் ஆபத்து கூட. உங்களுக்கு நேரம் போயிட்டுது." அவர் குரலில் குற்றம் சாட்டல் ஏதும் இல்லை. ஒவ்வொரு நாளும் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். நான் சேலைனுடன் கிடந்த நேரமே அந்த ஊசியின் நேரம்.

விடுதியில் இருபக்கத்துக் கட்டில்களிலும் வயதானவர்கள். பார்க்க வந்தவர்கள் என்னை ஒருவருக்குத் துணை நிற்க வந்தவள் என்று நினைத்துக்கொண்டு, கட்டிலைவிட்டு எழும்பி நோயாளிக்கு இடம் விடச் சொன்னார்கள். உண்மை தெரிந்ததும் கேள்வி மாறியது. "இந்த வயசிலையோ? என்ன செய்தனீர்?" என்ன செய்தேன் என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். ஏதோ நான் செய்திருக்க வேண்டும்.

அதே கேள்வியை வேறுவிதமாகக் கேட்டது ஒரே ஒருத்தி. அவள் என் வயதுள்ள ஒரு மருத்துவர். அவள் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, போர்வையை விலக்கி என் கால்களைப் பார்த்தாள். முழங்காலுக்கு மேலே ஊதா நிறத்தில் வலை பின்னியதுபோல் கோடுகள். மார்கழிக் குளிரில் கூடும், கோடையில் குறையும். நான் அதை ஒரு பொருட்டாக நினைத்ததேயில்லை.

"உது எவ்வளவு காலமாய் இருக்கு?"

இடது கையால் 'கனகாலம்' என்று காட்டினேன்.

"பிள்ளையள்?"

இரண்டு விரலை நீட்டினேன். பிறகு கையை விரித்தேன்.

அவள் எழுதுவதை நிறுத்தினாள். மாமி வாயைத் திறக்க, "பொறுங்கோ அம்மா, அவவே சொல்லட்டும்" என்றாள். சொல்ல என்னால் முடியாது என்று அவளுக்குத் தெரியும். விரல்களால் மாதங்களைக் காட்டினேன். மூன்று. ஆறு. அவள் காத்திருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இரத்தம் எடுத்தாள்.

சில நாட்களுக்குப் பிறகு வந்து சொன்னாள். கணவரும் மாமியும் இருந்தார்கள். என் இரத்தத்தில், இரத்தத்தைத் தேவையில்லாமல் கட்டிபட வைக்கும் ஒரு பொருள் இருக்கிறது. பன்னிரண்டு கிழமை கழித்துத் திரும்பவும் சோதித்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். ஆனால் அவளுக்குச் சந்தேகம் குறைவு. "இப்ப மூளைக்குப் போற குழாயிலை கட்டிபட்டிருக்கு. பிள்ளைக்குச் சாப்பாடு கொண்டுபோற நச்சுக்கொடியிலையும் இப்பிடித்தான் கட்டிபட்டிருக்கும். உங்கடை ரெண்டு பிள்ளையளும் போனதுக்கும் இதுதான் காரணமாய் இருக்கும் எண்டு நினைக்கிறன்." கொஞ்சம் நிறுத்தி, "முதலே பாத்திருக்கலாம். ரத்தச் சோதினைதான்" என்றாள்.

இரத்தச் சோதனைதான்.

ஆறாம் மாதத்தில் செத்துப் பிறந்த என் பிள்ளையை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி என் கண்ணில் காட்டாமல் கொண்டுபோனார்கள். அதன்பிறகு ஈரச் சேலையுடன் கோயில் வீதியைச் சுற்றினேன். பாம்புப் புற்றுக்குப் பால் வைத்தேன். ஊரில் பிறந்த ஒரு பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் சடங்கு என்றால் என்னை முன்னால் நிற்கவிடமாட்டார்கள். அப்போது பார்த்த மருத்துவர், "சிலருக்கு உப்பிடி நடக்கிறதுதான், அடுத்தமுறை பாப்பம்" என்றார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு பிள்ளைகள் செத்ததற்கு ஒரு காரணம் இருக்கலாம், அதைத் தேடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. காரணம் நான்தானே, பிறகு என்ன தேடல். அன்றைக்கே அந்தச் சோதனையைச் செய்து, இரத்தம் கட்டிபடாமல் ஒரு குளிசை தந்திருந்தால் இந்தக் கை விழுந்திருக்காது.

மாமி நீளமாக ஒரு மூச்சு விட்டார். "அப்ப பிழை மருமேளிலைதான் இருந்திருக்கு" என்றார். கணவரைப் பார்த்து, "நான் சொன்னனானெல்லோ" என்ற மாதிரி.

"விசர்க்கதை" என்றேன்.

முழுச் சொல். ஒரு எழுத்தும் பிசகாமல், பக்கத்துக் கட்டில்களுக்கும் கேட்கும்படி. மாமியின் பேச்சைப் பைத்தியக்காரத்தனம் என்று அவர் முகத்துக்கு நேரே நான் அதற்கு முதல் சொன்னதில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வாதத்தில் பேச்சுப் போனவர்களுக்கு யோசித்துச் சொல்லும் சொற்கள் வராதபோதும் கோபத்தில் வரும் சொற்கள் தப்பி நிற்பதுண்டு என்று விளக்கினாள். நல்ல அறிகுறி என்றாள். நான் இன்னும் இரண்டு முறை சொன்னேன். பயிற்சிக்காக.

கணவர் சிரிக்கவில்லை. "அம்மா, நீங்கள் வெளியிலை இருங்கோ" என்றார். ஆறு வருடக் கலியாணத்தில் அவர் தாயிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல்முறை. அவருக்குச் சொல்லத் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்காக எனக்கு நன்றி வரவில்லை. இவ்வளவு காலமும் ஏன் சொல்லவில்லை என்றுதான் வந்தது.

வீட்டுக்கு வந்தபிறகு நடக்கப் பழகினேன். கால் கெதியாகத் திரும்பிவந்தது. கை வரவில்லை. பிடிக்கும், விடச் சொன்னால் விடாது. சொற்கள் ஒன்றிரண்டாக வந்தன. உப்பு வேண்டும் என்று கேட்க நினைத்தால் சீப்பு என்று வரும். பின்னேரமானால் ஒரு மூட்டை நெல் தூக்கியவள்போல் களைத்துப்போவேன். பார்க்க வருபவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆளைப் பாத்தால் ஒண்டும் தெரியேல்லையே" என்பார்கள். தெரியாததால் நான் நடிக்கிறேன் என்று சிலருக்கு நினைப்பு. இரத்தத்தை இளக்கும் குளிசையை ஆயுள்முழுக்கப் போடவேண்டும் என்று கேட்டதும், "அவ்வளவு இங்கிலீஸ் மருந்து கூடாது, நிப்பாட்டிப்போட்டு எண்ணெய் பூசுங்கோ" என்று புத்தி சொல்பவர்களும் உண்டு. நான் ஒழுங்காகப் போடுகிறேன். இரத்தச் சோதனைக்குத் தவறாமல் போகிறேன். எண்ணெய் பூசச் சொன்னவர்களுக்கு நான் சொல்வது அதே ஒரு சொல்தான்.

மறுபடி கந்தோருக்குப் போனபோது என் மேசையில் வேறொரு பிள்ளை இருந்தாள். முதலாளி எழுந்துநின்று வரவேற்றார். "உங்களை நாங்கள் கைவிடமாட்டம். பாரமான வேலை வேண்டாம். இனி ரெலிபோனுக்குப் பதில் சொல்லுங்கோ, காணும்."

பேச்சுத் திக்கும் ஒருத்திக்கு அவர் பார்த்துக் கொடுத்த லேசான வேலை அது. நான் தொலைபேசிக்கு முன்னால் இருந்தேன். அது அடித்தது. வாயைத் திறந்தேன். மறுபக்கத்தில் ஒருவர் "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைத்தார். நான் எழுந்துபோய் முதலாளியின் மேசைக்கு முன்னால் நின்றேன்.

"படம்" என்றேன். "நான்... படம். கீற. இந்தக் கை." இடது கையைத் தூக்கிக் காட்டினேன்.

"உங்களுக்கு ஏன் பிள்ளை கஷ்டம்?"

"கஷ்டம்... எனக்கு. உங்களுக்கு... இல்லை."

அவர் தந்தார். பாவம் பார்த்துத்தான் தந்தார் என்று எனக்குத் தெரியும். இடது கையால் மவுஸைப் பிடித்து முதல் கோடு கீறியபோது அது சுவருக்கு வெளியே ஓடியது. ஒரு நாளில் செய்த வேலைக்கு ஒரு கிழமை எடுத்தது. ஒருமுறை வந்த ஒருவர், என் காதுபடவே, "வாதம் வந்த ஆள் கீறின படத்தை நம்பி அத்திவாரம் வெட்டலாமோ?" என்று கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் அந்தப் படத்தைத் திருப்பி வந்தவருக்கு முன்னால் வைத்து, "பிழை... காட்டுங்கோ" என்றேன். அவர் நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் காட்டவில்லை. வீடு இப்போது கூரை மட்டத்தில் நிற்கிறது.

இரண்டாவது இரத்தச் சோதனையும் முதலாவதைப் போலவே வந்தது. கிளினிக்கில் பார்த்த இன்னொரு மருத்துவர், பிள்ளை வேண்டுமென்றால் வழி இருக்கிறது என்றார். இந்தக் குளிசை பிள்ளைக்குக் கூடாது, அதை மாற்றி ஒவ்வொரு நாளும் வயிற்றில் ஊசி போடவேண்டும், கூடுதலாகக் கவனிக்கவேண்டும், ஆபத்து இல்லையென்று சொல்லமாட்டேன் என்றார்.

"வேண்டாம் டொக்டர்" என்றார் கணவர் உடனே. "எனக்கு இவ இருந்தால் காணும்."

நல்ல கணவன் என்று எவரும் சொல்வார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் வயிற்றைப்பற்றி மாமி சொன்னார், அந்தத் தனியார் மருத்துவர் சொன்னார், ஊர் சொன்னது. இப்போது இவர் அன்பாகச் சொல்கிறார். நான் கையைத் தூக்கினேன். மருத்துவர் பேனையை வைத்துவிட்டுக் காத்திருந்தார். வெளியே நோயாளிகள் வரிசையில் முணுமுணுத்தார்கள். சொல் வர நேரம் எடுத்தது.

"இப்ப... இல்லை. பேந்து... நான் சொல்லுவன். நான்."

"சரி" என்றார் மருத்துவர். வீட்டுப் படலையைத் திறக்கும்போது கணவர், "நான் பயத்திலை சொன்னனான்" என்றார். "தெரியும்" என்றேன். நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. அவர் பிறகு கேட்கவும் இல்லை. கேட்காமல் இருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

போன ஐப்பசியில், எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளியிருக்கும் ஒரு மருமகப் பெண்ணுக்கு இரண்டாவது கருவும் தங்கவில்லை. தோஷ சாந்தி செய்ய ஐயரைக் கூப்பிடப் போவதாகக் கேள்விப்பட்டேன். அன்று பின்னேரமே அந்த வீட்டுக்குப் போனேன். அவளுடைய மாமி படலையிலேயே மறித்தார்.

"ரத்தம்" என்றேன். "ரத்தம்... சோதிக்கவேணும்."

"என்ன சொல்லுறீர்?"

"ஐயர் இல்லை. ரத்தம்."

உள்ளேயிருந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். கேட்டுவிட்டாள் என்று தெரிந்ததும் நான் திரும்பிவிட்டேன். அவள் தன் புருஷனைப் பிடித்துச் சோதனைக்குப் போயிருக்கிறாள். அவள் இரத்தத்தில் ஒன்றும் இல்லை. என் வருத்தம் அவளுக்கு இல்லை. மாமிக்காரி என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"உம்மடை வருத்தத்தை என்ரை மருமேளிலை ஒட்டப் பாத்தனீரோ? பிள்ளை பயந்து சாப்பாடும் இல்லாமல் கிடந்தது."

"இல்லையெண்டு... இப்ப தெரியும்தானே" என்றேன். "தோஷம் எண்டால்... எப்பிடித் தெரியும்?"

அவர் திட்டிக்கொண்டே போனார். என் மாமி குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். எனக்காக ஒரு சொல் கதைக்கவில்லை, எனக்கு எதிராகவும் கதைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் தானாக வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டாள்.

"அக்கா, அப்ப வேறை என்ன சோதினை இருக்கு?"

எனக்குத் தெரியாது என்றேன். அடுத்த வியாழக்கிழமை எனக்குக் கிளினிக், கூட வந்தால் கேட்கலாம் என்று திக்கித் திக்கிச் சொன்னேன். அவள் நான் முடிக்கும்வரை நின்றாள். வியாழக்கிழமை விடிய, முடி பின்னி, பழைய சோதனை முடிவுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஒழுங்கை முகப்பில் எனக்கு முதலே வந்து நின்றாள். பஸ்ஸில் இடம் இருக்கவில்லை. நான் இடது கையால் கம்பியைப் பிடித்தேன். அவள் என் வலது பக்கத்தில் நெருங்கி நின்றுகொண்டாள்.